வாசகர் தபால்: பதினேழு வயதும் பதினைந்து நாளும்

மூன்று வாரமாகக் கால்பந்துக் கேள்விகளாகவே வந்து குவிகின்றன. அதிலும் பாதி ஒரே பெயரைச் சுற்றி வருகின்றன: ஜெர்மனியின் கால்பந்தாட்டக்காரர் ஃபுளோரியன் விர்ட்ஸ். ஆகவே இந்த முறை கிரிக்கெட் கேள்விகளையெல்லாம் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் கட்டாயம் அவிழ்ப்பேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வரி: நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியன். என் பதில்களில் ஆசிரியர் வாடை அடித்தால் அதுதான் காரணம்.

போன இதழில் மேலே ‘வெர்ட்ஸ்’ என்றும் அதே பக்கத்தின் கீழே ‘விர்ட்ஸ்’ என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே ஆளா, இரட்டைப் பிறவியா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

ஒரே ஆள்தான் அம்மா. ஆங்கில வர்ணனையாளர்கள் இழுக்கிற இழுப்பைக் காதால் கேட்டு எழுதியதில் வந்த வினை. ஜெர்மானியர்கள் ‘விர்ட்ஸ்’ என்றே சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் ‘விர்ட்’ என்றால் விடுதி நடத்துகிறவர், நம் பக்கத்து வழக்கில் சத்திரக்காரர். எந்தத் தலைமுறையிலோ யாரோ வழிப்போக்கருக்குச் சோறு போட்டிருக்க வேண்டும். இனி இந்தப் பக்கத்தில் ‘விர்ட்ஸ்’ மட்டுமே.

என் மகனுக்குப் பதினான்கு வயது. பந்தை விட்டால் வேறு உலகம் இல்லை. விர்ட்ஸ் பதினேழு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டாராம். அது எப்படி நடந்தது? இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

இரண்டு லட்சத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பையனின் ஊரைச் சொல்கிறேன்.

கொலோன் நகரத்துக்கு மேற்கே புல்ஹைம் என்று ஒரு சிறிய நகரம். அதன் ஒரு பகுதி பிரௌவைலர். பழைய கிறிஸ்தவ மடாலயம் ஒன்று இருக்கிறது என்பதைத் தவிர வெளியூர்க்காரர் அங்கே இறங்கக் காரணம் எதுவும் இல்லாத இடம். 2003 மே 3 அன்று பிறந்த ஃபுளோரியன் அங்கே வளர்ந்தார். தந்தை ஹான்ஸ்-யோவாக்கிமுக்கு மொத்தம் பத்துப் பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவனுக்குத் தட்டில் விழும் அப்பளத்தைக் காப்பாற்றத் தெரிந்திருக்கும். பந்தைக் காப்பாற்றுவது அதைவிட எளிது என்பது என் சொந்த ஆராய்ச்சி.

அந்த அப்பா உள்ளூர் கிளப்பின் தலைவர். கிளப்பின் பெயர் க்ரூன்-வைஸ் பிரௌவைலர், அதாவது பச்சை-வெள்ளை. தலைவர் என்றதும் கரைவேட்டியும் காரும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். ஜெர்மனியில் ஊர்க் கிளப் தலைவர் என்பது பெரும்பாலும் சம்பளமில்லாத பதவி. வேலை முடிந்து வந்த மனிதர்கள் மாலையில் கணக்குப் பார்ப்பார்கள், பிள்ளைகளைக் காரில் ஏற்றி ஆட்டத்துக்குக் கொண்டுபோவார்கள், கொட்டகையைப் பூட்டுவார்கள். நாடு முழுவதும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கிளப்புகளின் மீதுதான் அங்கே கால்பந்து நிற்கிறது. மேலே தெரிகிற புண்டஸ்லீகா, அதாவது நாட்டின் முதல்தர லீக், கோபுரக் கலசம்.

ஏழு வயதில், 2010-ல், அந்த வட்டாரத்தின் பெரிய கிளப்பான கொலோன் இவரைச் சேர்த்துக்கொண்டது. ஏறக்குறைய பத்து வருடம் அங்கேதான். 2019-ல் கொலோனின் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி இறுதி ஆட்டத்தில் டார்ட்மண்டை 3-2 என்று வென்று ஜெர்மன் சாம்பியன் ஆனது. அந்த அணியில் இவரும் இருந்தார். கவனியுங்கள்: அதுவரை ஊர் மாறவில்லை. விடுதி வாழ்க்கை தேடி முந்நூறு மைல் தள்ளிப் போகவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2000-ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி தன் பிரிவில் ஒரே ஒரு புள்ளியோடு கடைசி இடம் பிடித்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, மேல் பிரிவுகளில் ஆட உரிமம் வேண்டுமென்றால் முறையான இளையோர் பயிற்சி மையம் நடத்தியே ஆக வேண்டும் என்று கிளப்புகளுக்குக் கட்டாயம் வந்தது. அதோடு கால்பந்துச் சம்மேளனம் நாடு முழுவதும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரப் பயிற்சித் தளங்களைத் திறந்தது. கிராமத்துப் பையனைத் தேடிப் பயிற்சியாளர் வருகிற ஏற்பாடு அது. விர்ட்ஸ் பிறந்தபோது அந்த ஏற்பாட்டுக்கும் கைக்குழந்தை வயதுதான்.

இப்போது உங்கள் இரண்டு லட்சம். அந்த நிலையத்துக்கு ஒரு மாலையில் முன்னறிவிப்பு இல்லாமல் போய் மரத்தடியில் நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் எத்தனை முறை பந்தைத் தொடுகிறான், எத்தனை நேரம் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கிறான் என்று எண்ணுங்கள். வரிசை நீளமாக இருந்தால் அந்தப் பணத்தில் நல்ல சைக்கிளும் நான்கு பந்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியை வங்கியில் போடுங்கள். சீருடை எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள்; நான் பணியில் இருந்த காலத்தில் அதில்தான் பெற்றோர்கள் ஏமாந்தார்கள்.

கொலோன் ரசிகர்களுக்கு விர்ட்ஸ் மேல் அத்தனை கோபம் ஏன்? வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதையா?
– ஒரு வங்கி ஊழியர், திண்டுக்கல்

கடாவைக் குற்றம் சொல்லாதீர்கள். கோபம் முக்கியமாகப் பக்கத்து வீட்டின் மேல்.

ரைன் நதிக்கரையில் கொலோனை ஒட்டினாற்போல் வடக்கே லெவர்குசன் என்ற தொழிற்சாலை நகரம். ஆஸ்பிரின் மாத்திரை தயாரித்த பேயர் நிறுவனத்தின் ஊர். அந்நிறுவனத் தொழிலாளர்கள் 1904-ல் தொடங்கியதுதான் பேயர் லெவர்குசன் கிளப். இன்றைக்கும் அந்த அணிக்கு ‘ஆலை அணி’ என்ற செல்லப்பெயர் உண்டு. கொலோன்காரர்களுக்கோ தங்கள் கிளப் ஊரின் ஆத்மா, பக்கத்தூர் கிளப் மாத்திரைக் கம்பெனியின் விளம்பரப் பலகை. நூறு வருடப் பழமை இருந்தும் இந்தப் பேச்சு ஓயவில்லை.

அந்த வட்டாரத்தின் மூன்று பெரிய கிளப்புகளான கொலோன், லெவர்குசன், மோன்ஷன்கிளாட்பாக் ஆகியவற்றுக்கு இடையே, ‘உன் வீட்டுப் பிள்ளையை நான் இழுக்க மாட்டேன், என் வீட்டுப் பிள்ளையை நீ இழுக்காதே’ என்று வாய்மொழியாக ஓர் உடன்பாடு இருந்தது. 2020 ஜனவரியில், பதினாறு வயதில், விர்ட்ஸ் லெவர்குசனுக்குப் போனார். உடன்பாடு போயிற்று என்று கொலோன் கொதித்தது. இது வளர்ந்த ஆட்டக்காரருக்கான ஒப்பந்தம், இளையோர் கணக்கில் வராது என்று லெவர்குசன் சொன்னது. கைமாறிய தொகை இரண்டு லட்சம் யூரோ அளவில் என்று அப்போது எழுதினார்கள். ஐந்தரை வருடம் கழித்து, 2025 ஜூனில், இங்கிலாந்து கிளப்பான லிவர்பூல் அதே பையனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட அடிப்படைத் தொகை பத்துக் கோடி பவுண்டு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் வங்கியில் இருப்பவர், கொலோன்காரரின் வயிற்றெரிச்சல் உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

அவருடைய முதல் ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா, சார்?
– ஒரு பழைய மாணவன், துறையூர்

பார்த்தேன். கையெழுத்தைப் பார்த்தால் வலது ஓரத்தில் ஆடிய பையன் என்று தோன்றுகிறது. சரியா?

2020 மே 18. கொரோனாவுக்காக இரண்டு மாதம் நின்றுபோன புண்டஸ்லீகா இரண்டு நாள் முன்புதான் மறுபடி தொடங்கியிருந்தது. உலகத்தில் வேறு பெரிய லீக் எதுவும் ஓடவில்லை. அங்கே இரவு எட்டரை என்றால் நமக்குச் சரியாக நள்ளிரவு. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கடைசிப் புள்ளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஒலிதான் முக்கியம் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பிரெமன் நகரின் மைதானத்தில் ஒரு ரசிகர் கிடையாது. மாற்று ஆட்டக்காரர்கள் முகக்கவசத்தோடு இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தை உதைத்தால் ‘தொப்’ என்று அந்தச் சத்தம் காலி நாற்காலிகளில் மோதித் திரும்பி வந்தது. பயிற்சியாளர் கத்துவது, ஆட்டக்காரர் பெயர் சொல்லிப் பந்து கேட்பது, எல்லாம் கேட்டது. மொழிதான் எனக்குத் தெரியாதே தவிர, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்கிற அதே சத்தம்.

அந்த வெற்று மைதானத்தில் லெவர்குசன் பயிற்சியாளர் பீட்டர் போஸ், பதினேழு வயது முடிந்து பதினைந்தே நாள் ஆன ஒருவரை முதல் பதினொருவரில் இறக்கினார். அணி 4-1 என்று வென்றது. இரண்டு கோல் அடித்த காய் ஹாவெர்ட்ஸ் பற்றித்தான் மறுநாள் எல்லோரும் பேசினார்கள். அதே ஹாவெர்ட்ஸ் வைத்திருந்த ‘லெவர்குசனின் மிக இளைய லீக் ஆட்டக்காரர்’ என்ற பட்டம் அன்று இரவு கைமாறியது. கோடையில் ஹாவெர்ட்ஸ் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போனார், மைதானத்தில் அவர் நின்ற இடமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பையனுக்கு வந்தது.

எண்பதாயிரம் பேர் கத்தும் நாளில் முதல் ஆட்டம் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. பையனுக்கு அந்தக் காலி மைதானம் நல்லதே செய்தது என்பது என் கட்சி. தவறான பாஸ் ஒன்று கொடுத்தால் ஊளையிட ஆள் இல்லை. சக ஆட்டக்காரர் சொல்வது காதில் விழும். தொழிலின் முதல் நாளை இப்படி ஒத்திகை போல ஆடக் கிடைப்பது லேசில் அமையாது.

மிக இளம் வயதில் புண்டஸ்லீகா கோல் அடித்தவர் இன்னும் இவர்தானா?
– ஒரு வினாடி-வினாப் பிரியர், சிவகாசி

இல்லை. ஆறு மாதம்தான் வைத்திருந்தார். 2020 ஜூன் 6 அன்று சொந்த மைதானத்தில் பேயர்ன் மியூனிக்கிடம் 4-1 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தில், 89-ம் நிமிடம், பெனால்டி கட்டத்துக்குள் வந்த பந்தை அடக்கி, எதிரே நின்ற தடுப்பாட்டக்காரரை ஏமாற்றி உள்ளே திரும்பி, கோல்காப்பாளர் மானுவல் நோயருக்கு எட்டாத மூலைக்கு அனுப்பினார். வயது 17 வருடம் 34 நாள். நூரி ஷாஹின் டார்ட்மண்டுக்காக 2005-ல் போட்ட கணக்கு அழிந்தது. அதே டிசம்பரில் டார்ட்மண்டின் யூசுஃபா மொகோகோ பதினாறு வயதில் அடித்து இதையும் அழித்தார்.

வினாடி-வினாவுக்கு இது போதும். ஆனால் ஒன்று கேளுங்கள். அணி தோற்பது உறுதியான பிறகு, ஒரு நிமிடம் மிச்சமிருக்கும்போது அடித்த கோல் அது. ஆட்டத்தின் முடிவை அது மாற்றவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலான பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு விசிலுக்குக் காத்திருப்பார்கள். நான் அப்படிப்பட்டவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். இவர் ஓடிக்கொண்டிருந்தார். சாதனைப் புத்தகத்தில் வயதுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை.

இளம் வயதில் இறங்குகிற எல்லோரும் இவரைப் போல வெற்றி பெறுகிறார்களா?
– ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

விர்ட்ஸ் அறிமுகமான நாளில் புண்டஸ்லீகா வரலாற்றின் மூன்றாவது இளைய ஆட்டக்காரர். அவருக்கு முன்னால் இருந்த இரண்டு பேரையும் பார்ப்போம். முதலாமவர் ஷாஹின், ரியல் மாட்ரிட் வரை போனார், காயங்கள் துரத்தின, டார்ட்மண்டுக்கே திரும்பினார். இரண்டாமவர் யான் பிசெக். இவரும் கொலோன் வளர்த்த பிள்ளை. 2017 நவம்பரில் பதினேழு முடிய மூன்று நாள் இருக்கும்போது இறங்கினார். அதன் பிறகு? அதே கொலோனில் அவருக்கு இடமில்லை. நெதர்லாந்து, போர்ச்சுகல் என்று இரவல் வாழ்க்கை, அப்புறம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரம். பெயரே மறந்துபோன நேரத்தில், 2023-ல், இன்டர் மிலான் வந்து கூட்டிக்கொண்டு போனது. ஆறு வருடச் சுற்று. அவசரக்காரர்கள் அவரை 2019-லேயே கணக்கு முடித்திருப்பார்கள்.

துயரமான கதையும் ஒன்று உண்டு. செபாஸ்டியன் டைஸ்லர். 1980-ல் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிஸ் எல்லை ஊரான லோராக்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் வீட்டை விட்டு மோன்ஷன்கிளாட்பாக்கின் இளையோர் விடுதிக்கு வந்தார். பதினெட்டில் புண்டஸ்லீகா, இருபதில் தேசிய அணி. மேலே சொன்ன 2000-ம் ஆண்டு அவமானத்துக்குப் பிறகு ஜெர்மனி முழுவதும் மீட்பரைத் தேடிக்கொண்டிருந்த நேரம். கிடைத்தது இந்தப் பையனின் முகம். செல்லப்பெயர் வைத்தார்கள், சுவரொட்டி அடித்தார்கள். முழங்கால் மறுபடி மறுபடி அறுவை மேசைக்குப் போனது. 2003-ல் மனச்சோர்வு நோய்க்கு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார் என்று வெளியே சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஒரு கால்பந்தாட்டக்காரர் அதை வெளியே சொல்வது சாதாரணமில்லை. 2007 ஜனவரியில், இருபத்தேழு வயதில், போதும் என்று விலகிவிட்டார். தேசிய அணிக்கு 36 ஆட்டம். உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட இல்லை.

டைஸ்லரைவிட விர்ட்ஸ் மனத்திடம் மிக்கவர் என்று நான் எழுத மாட்டேன். இரண்டு பேர் மனசுக்குள்ளும் நான் போய்ப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிவது தூரம் ஒன்றுதான். டைஸ்லர் பதினைந்து வயதில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் தனியாக வந்தார். விர்ட்ஸ் கிளப் மாறினார், ஆற்றின் அக்கரைக்குத்தான் போனார். ஒப்பந்தம் பேசியது தாயும் தந்தையும். தொழில்முறைத் தரகர் கிடையாது.

விர்ட்ஸின் முழங்கால் பற்றிச் சொல்லுங்கள். எனக்கும் அதே காயம். ஆறு மாதமாகிவிட்டது, ஓட பயமாக இருக்கிறது.
– ஒரு கபடி வீராங்கனை, ஒட்டன்சத்திரம்

முதலில் என் கதை, பிறகு அவருடையது.

1983. கல்லூரி மைதானம். கார்னரில் வந்த பந்துக்கு எகிறிக் கீழே இறங்கும்போது வலது முழங்கால் மட்டும் வேறு பக்கம் போனது. உள்ளே ஈரக்குச்சி முறிவது போல ஒரு சத்தம். வலியைவிட அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. என்னைக் கொண்டுபோன இடத்தில் எண்ணெய் போட்டு உருவிவிட்டு, மூன்று வாரத்தில் ஆடலாம் என்றார்கள். மூன்றாவது வாரம் ஆடினேன். அன்றோடு என் ஆட்டம் முடிந்தது. இன்றும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வேண்டாம் என்பேன். காலை நடைபாதைப் பக்கம் நீட்டியாக வேண்டும்.

விர்ட்ஸுக்கு அது நடந்தது 2022 மார்ச் 13. எதிரணி எது தெரியுமா? கொலோன். வளர்த்த கிளப்பே எதிரில் நிற்க, முதல் பாதியிலேயே இடது முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிந்தது. டாக்டர்கள் லிகமெண்ட் என்பதும், ஊரில் சவ்வு கிழிந்துவிட்டது என்பதும் இதுதான். வயது பதினெட்டு. அந்தப் போட்டிப் பருவத்தில் லீக்கில் மட்டும் 24 ஆட்டத்தில் ஏழு கோல் அடித்து, பத்துக் கோலுக்குப் பந்து கொடுத்திருந்தார். முந்தைய செப்டம்பரில்தான் தேசிய அணிக்கு முதல் ஆட்டம். எல்லாம் ஒரு நொடியில் நின்றது. அந்த ஆண்டு இறுதியில் கத்தாரில் உலகக் கோப்பை. போக முடியவில்லை.

திரும்பி வந்தது 2023 ஜனவரி. பத்து மாதம். மகளே, இந்த எண்ணைக் கவனி. உலகத்தரமான மருத்துவமும், தினமும் கூடவே இருக்கும் பயிற்சியாளரும், பதினெட்டு வயது உடம்பும் உள்ளவருக்கே பத்து மாதம். கிழிந்த தசைநாருக்குப் பதில் உடம்பின் வேறு இடத்திலிருந்து எடுத்த நாரைப் பொருத்துவார்கள். அந்தப் புதிய நார் எலும்போடு ஒட்டி, ரத்த ஓட்டம் பெற்று, தசைநாராகவே மாற மாதக்கணக்கில் ஆகும். நடுவில் வலி போய்விடும். அங்கேதான் ஆபத்து. வலி இல்லை என்பதால் காலும் தயார் என்று நினைத்து அவசரப்பட்டவர்கள் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். நான் மூன்று வாரத்தில் செய்த முட்டாள்தனம் அதுதான்.

உனக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. பயப்படுவதில் தப்பில்லை. பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு தொடையின் பலத்தையும் அளந்து ஒப்பிடச் சொல். ஒற்றைக் காலில் தாண்டிக் குதித்து, இரண்டு காலின் தூரத்தையும் டேப் வைத்து அளக்கச் சொல். ஏறக்குறைய சமமாக வரும்வரை ரெய்டு போகாதே. ‘மாவட்டப் போட்டி வருகிறது, சும்மா வந்து நில்’ என்று யார் கூப்பிட்டாலும் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடு.

இன்னொன்று. விர்ட்ஸ் வெளியே உட்கார்ந்திருந்த மாதங்களில் லெவர்குசன் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம்வரை சரிந்தது. அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தார். அப்படித் தத்தளித்த அணி, ‘எங்கள் பையன் எப்போது வருவான்’ என்று அவசரப்படுத்த எத்தனையோ காரணம் இருந்தது. பத்து மாதம் பத்து மாதமாகவே இருந்தது.

அவருடைய ஆட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொன்னால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகர், காரைக்கால்

பந்து வருவதற்கு முன்னால் கழுத்தை. பந்து இன்னும் பத்து மீட்டர் தள்ளி இருக்கும்போதே இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. புது வீட்டுக்குள் நுழைந்த பூனை மாதிரி. பந்து காலுக்கு வரும் நொடியில் யார் எங்கே நிற்கிறார் என்ற படம் தலையில் தயாராக இருக்கிறது. அதனால்தான் ஓடாமலே முந்திவிடுகிறார். அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் இவர் தலையை மட்டும் பாருங்கள். வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

விர்ட்ஸா, முசியாலாவா?
– நான்கு நண்பர்கள், புதுச்சேரி டீக்கடை

நால்வரும் இரண்டு இரண்டாகப் பிரிந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டு பேரும் 2003-ல் பிறந்தவர்கள், ஜமால் முசியாலா இரண்டு மாதம் மூத்தவர். அவர் ஸ்டுட்கார்ட்டில் பிறந்து, ஏழு வயதில் இங்கிலாந்து போய், செல்சியில் வளர்ந்து, இங்கிலாந்தின் இளையோர் அணிகளுக்கு ஆடிவிட்டு, 2021-ல் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தவர். முசியாலா மூன்று பேருக்கு நடுவே ஈல் மீன் மாதிரி நழுவுவார். விர்ட்ஸ் அந்த மூன்று பேரை நெருங்கவே விடமாட்டார். 2024 ஐரோப்பியக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராகப் பத்தாவது நிமிடம் விர்ட்ஸ், பத்தொன்பதாவது நிமிடம் முசியாலா. ஜெர்மானியர்கள் இரண்டு பெயரையும் ஒட்டி ‘வுசியாலா’ என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். நீங்களும் ஒட்டிக்கொண்டு இன்னொரு டீ சொல்லுங்கள்.

காயத்துக்குப் பிறகு அவர் ஆடியதில் உங்களுக்கு மறக்க முடியாத ஆட்டம்?
– ஒரு வாசகி, ஈரோடு

2024 ஏப்ரல் 14. எதிரணி மறுபடியும் பிரெமன், இந்த முறை லெவர்குசன் மைதானம். வென்றால் 120 வருட வரலாற்றில் முதல் லீக் பட்டம். 2002-ல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாமிடம் வந்து, ‘என்றென்றும் இரண்டாமவர்’ என்று ஊரார் கேலி செய்த கிளப் அது. விர்ட்ஸ் பெஞ்சில் இருந்தார். இடைவேளைக்குப் பிறகு இறங்கினார். 68, 83, 90-ம் நிமிடங்களில் மூன்று கோல். கடைசிக் கோலுக்குப் பிறகு கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது, 5-0 என்று அத்தோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் பருவம் முழுவதும் லீக்கில் ஒரு தோல்வி கிடையாது. நான்கு வருடம் முன்பு நள்ளிரவில் கேட்ட அந்தத் ‘தொப்’ சத்தத்தை நினைத்துக்கொண்டேன். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கூச்சல் மட்டும்தான்.

அதற்குச் சில வாரம் முன்பு லியோனில் பிரான்சுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி ஏழே விநாடியில் அடித்த கோலைச் சிலர் சொல்வார்கள். அழகான கோல்தான். ஆனால் நான் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன். பார்க்காததை எப்படி மறக்க முடியாதது என்று எழுதுவேன்?

ஐயா, விர்ட்ஸுக்கு ஓர் அக்கா உண்டு, அவரும் கால்பந்து ஆடுகிறார் என்று தோழி சொன்னாள். உண்மையா? நானும் தம்பியும் சேர்ந்துதான் ஆடுவோம். பெண்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?
– பத்தாம் வகுப்பு மாணவி, தூத்தூர்

உண்மை. கேள்வியின் கடைசி வரி நியாயமான குட்டு, வாங்கிக்கொண்டேன்.

யூலியானே விர்ட்ஸ். தம்பியைவிட ஏறக்குறைய இரண்டு வயது மூத்தவர், 2001-ல் பிறந்தவர். நடுக்களத்திலும் தடுப்பிலும் ஆடுவார். தம்பி லெவர்குசனுக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர் அவர்தான். மகளிர் புண்டஸ்லீகாவில் அந்தக் கிளப்புக்குப் பல பருவங்கள் ஆடினார். பிறகு வேர்டர் பிரெமன் கிளப்புக்குப் போனார். தம்பி காலி மைதானத்தில் முதல் ஆட்டம் ஆடிய அதே ஊர்.

உங்கள் தூத்தூர் மணலில் ஆடி வளர்ந்தவர்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். நீ எந்த இடத்தில் ஆடுகிறாய், தம்பி எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் எழுது. பந்தை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதையும்.